எஸ்டீமில் பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி இது: பாலக்கோட்டில் ஒரு 2005 எஸ்டீம், பெட்ரோல். பானெட்டுக்குள் இடம் நெருக்கடி. வெயிலில் பேட்டரி இரண்டு வருடம்கூடத் தாங்குவதில்லை. டிக்கியில் ஏற்கெனவே ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. பேட்டரியைப் பின்னால் கொண்டுபோனால் எல்லாம் தீரும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். 16 ஸ்கொயர் (செம்பின் குறுக்குவெட்டு 16 சதுர மி.மீ.) ஒயர் இழுத்தால் போதும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். செய்யலாமா, எப்படிச் செய்வது?

செய்யலாம். 16 ஸ்கொயர் போதாது. பேட்டரியைத் தூக்கி வைப்பது பத்து நிமிட வேலைதான். அதன் பிறகு பெட்ரோல் டேங்க்கையும் சீட் போல்ட்டுகளையும் கடந்து, எந்நேரமும் உயிரோடு இருக்கிற ஒரு கேபிள் ஐந்து மீட்டர் ஓடப்போகிறது. யோசிக்க வேண்டியதெல்லாம் அந்தக் கேபிளைப் பற்றித்தான்.

அதற்கு முன், உங்கள் மூன்று காரணங்களில் எது நிற்கும் என்று பார்த்துவிடலாம். எடை சமநிலைக்காக என்று நீங்கள் சொல்லவில்லை, நல்லது. இந்தக் காரில் இருக்கிற 35 ஆம்பியர்-அவர் பேட்டரி 10 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதைப் பின்னால் தள்ள 2 கிலோ கேபிள், 4 கிலோ இரும்புத் தட்டு, பெட்டி என்று சேர்த்தால் மொத்த எடை கூடத்தான் செய்யும். ராலி ஓட்டுபவருக்கு அதில் கணக்கு உண்டு, பாலக்கோடு-தர்மபுரி ஓட்டத்துக்குக் கிடையாது.

வெயில் காரணம் பாதி உண்மை. பேட்டரியின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. தர்மபுரி சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் இருப்பதைவிட டிக்கியில் சூடு குறைவுதான். ஆனால் இரண்டு வருடத்துக்குள் பேட்டரி போகிறதென்றால் முதலில் மல்டிமீட்டரை எடுத்து, வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 14.8-ஐத் தாண்டினால், ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அது பேட்டரியை வேகவைக்கும், எந்த இடத்தில் வைத்தாலும் வேகவைக்கும். அதோடு டிக்கிக்குள் கொண்டுபோனால் ஆபத்தும் சேரும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆம்ப்ளிஃபயருக்காக மட்டும் என்றால் பேட்டரி முன்னாலேயே இருக்கட்டும். ஃபியூஸோடு ஒரு தனி ஒயர் பின்னால் போனால் வேலை முடிந்தது. மிஞ்சுவது இடநெருக்கடி ஒன்றுதான். அது உண்மையான காரணம். அதை வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஒரு விதிவிலக்கை இப்போதே சொல்லிவிட வேண்டும். டிக்கியில் எல்பிஜி அல்லது சிஎன்ஜி சிலிண்டர் இருக்கிற வண்டியில் இந்த வேலையைத் தொடவே கூடாது. கேஸ் கசியக்கூடிய இடத்தில், பொறி பறக்கக்கூடிய பொருளைக் கொண்டுபோய் வைப்பதற்குப் பாதுகாப்பான வழி எதுவும் கிடையாது. புது வண்டிகளில் நெகட்டிவ் முனையில் ஒரு சிறிய சென்சார் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகள் அவை. அவற்றையும் விட்டுவிடுங்கள். எஸ்டீமில் இந்தத் தொல்லைகள் இல்லை.

கேபிள்

இந்த அளவு பெட்ரோல் இன்ஜினின் செல்ஃப் மோட்டார் சுழலும்போது 100 முதல் 150 ஆம்பியர் இழுக்கும். சாவியைத் திருப்பிய அந்த முதல் கணத்தில் 300-ஐயும் தாண்டும். பேட்டரி முன்னால் இருந்தபோது இந்த மின்சாரம் அரை மீட்டர் ஒயரில் போனது. இப்போது ஐந்து மீட்டர் போக வேண்டும். 150 ஆம்பியருக்கு, ஐந்து மீட்டர் சுத்தச் செம்பில் தொலையும் வோல்ட்: 16 ஸ்கொயரில் 0.9, 25-இல் 0.6, 35-இல் 0.4, 50-இல் 0.3.

0.9 வோல்ட் சின்னதாகத் தெரியலாம். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10.5 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். அதிலிருந்து 0.9 போய், எர்த் வழியில் இன்னும் அரை வோல்ட் போனால் மோட்டாருக்குக் கிடைப்பது 9 வோல்ட். பேட்டரி புதிதாக இருக்கும்வரை வண்டி ஸ்டார்ட் ஆகும். மார்கழிக் காலையில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிறுத்திவிட்டு எடுக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். சார்ஜிங்கிலும் இதே கதை. 60 ஆம்பியர் பின்னால் போகும்போது 16 ஸ்கொயரில் 0.36 வோல்ட் குறையும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.8-தான் சேரும். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆக நேரம் கூடும்.

ஆகவே எஸ்டீமுக்கு 35 ஸ்கொயர், இதற்குக் கீழே வேண்டாம். டீசல் வண்டியென்றால் 50, நீளம் கூடினால் 70.

எந்தக் கேபிள்? மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் முறுக்கிய வெல்டிங் கேபிள் இதற்கு நன்றாகப் பொருந்தும். வளையும், அதிர்வில் இழை அறுந்துபோகாது. கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைகளும் ஓசூரில் சிப்காட்டும் இருப்பதால் இது கிடைப்பதில் சிரமமில்லை. ஐஎஸ் 9857 என்ற எண்ணும் எச்.ஓ.எஃப்.ஆர். என்ற எழுத்துகளும் உறையில் அச்சடித்திருக்க வேண்டும். சூடு, எண்ணெய், தீ மூன்றையும் தாங்கும் உறை என்று பொருள். சாதாரண ரப்பர் உறை இன்ஜின் ஆயிலில் ஊறி இளகிவிடும். வீட்டு ஒயரிங்குக்கான கெட்டி இழை ஒயர் வேண்டவே வேண்டாம்.

ஏமாறும் இடம் இது: கடையில் அலுமினிய வெல்டிங் கேபிளும் கிடைக்கும், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கார் ஆடியோ கேபிளும் கிடைக்கும். இரண்டாவதைப் பார்த்தால் செம்பு மாதிரியே மின்னும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இன்னும் சுலபமான வழி, தராசு. 35 ஸ்கொயர் 5 மீட்டரில் செம்பு மட்டுமே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். உறையோடு 2 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். தூக்கும்போதே ஒரு கிலோகூடத் தேறாது போலிருந்தால் அது செம்பு இல்லை. முலாம் பூசிய கேபிளில் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல் என்பதால், 35 என்று வாங்கினாலும் கிடைப்பது ஏறக்குறைய 22 ஸ்கொயர்தான்.

நீளத்தை டேப் வைத்து அளக்காதீர்கள். ஒரு கயிற்றைக் கேபிள் போகும் வழியிலேயே, ஒவ்வொரு வளைவிலும் படுக்கவைத்து அளந்து, 40 செ.மீ. சேர்த்து வாங்குங்கள்.

முனைகளில் 35-8 என்று குறிக்கிற, வெள்ளீயம் பூசிய செம்பு லக். தைம்பிள் என்றால் கடைக்காரருக்கு உடனே புரியும். இதைச் சுத்தியலால் அடித்து ஒட்டுவதோ, வெறும் சால்டர் மட்டும் வைப்பதோ கூடாது. சால்டர் சூட்டில் இளகும். அதோடு இழைக்குள் ஏறி, லக்குக்குப் பின்னால் கேபிளை விறைப்பாக்கிவிடும், அதிர்வில் அங்கேதான் முறியும். பேனல் போர்டு செய்பவர்களிடமும் மோட்டார் கான்ட்ராக்டர்களிடமும் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் இருக்கும். அளந்து வெட்டிய கேபிளைக் கொண்டுபோய் "35-க்குப் பஞ்ச் பண்ணிக் கொடுங்க" என்றால் முடிந்தது. ஒரு முனையை மட்டும் பஞ்ச் பண்ணிக்கொண்டு வாருங்கள். மறுமுனையில் லக் போட்டுவிட்டால் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகடு) துளைக்குள் நுழையாது; அதைக் கேபிள் இழுத்த பிறகு பண்ணலாம். பஞ்ச் பண்ணிய இடத்தின் மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இறுக்கிவிடுங்கள். பேட்டரிக் கடைகளில் கேபிள் நுனியில் ஈயத்தை உருக்கி ஊற்றி டெர்மினல் செய்து தருவார்களே, அது இந்த நீளத்துக்கு ஆகாது. ஆசிட் ஆவி இழைக்குள் ஏறி, ஒரு மழைக்காலத்தில் பச்சையாகப் பூத்துவிடும்.

வழி

காரின் அடியில் கொண்டுபோவதா, உள்ளேயா? அடியில் போனால் கல் அடிக்கும், ஜாக்கி வைப்பவன் நசுக்குவான். உள்ளே, கதவுப் படிக்குள், கார்ப்பெட்டுக்கு அடியில் போவதே நல்லது. பெட்ரோல் குழாய்களும் ஆடியோ சிக்னல் ஒயரும் எந்தப் பக்கம் போகின்றனவோ அதற்கு எதிர்ப்பக்கத்தைப் பிடியுங்கள். கேபிள் முழுவதற்கும் வளையும் கொருகேட்டட் குழாய் போட்டு, 30 செ.மீ.க்கு ஒரு கிளிப். சீட் ரயில் போல்ட், சீட் பெல்ட் போல்ட், படியின் பிளாஸ்டிக் மூடியை இறுக்கும் ஸ்க்ரூ மூன்றையும் திரும்பப் பூட்டும்போதுதான் கேபிளில் ஏறும். முதலில் எந்த ஸ்க்ரூ எங்கே இறங்குகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபயர்வாலில் துளை போட வேண்டி வந்தால், துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி, பிரைமர் அடித்து, கேபிளை இறுக்கமாகப் பிடிக்கும் ரப்பர் கிராமெட் போடுங்கள். இந்த ஒரு ரப்பர் இல்லாமல் விட்ட வண்டிகளில் என்ன நடக்கும் என்றால், தகட்டின் கூர் விளிம்பு ஒவ்வொரு வேகத்தடையிலும் உறையை ஒரு மயிரிழை தேய்க்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, ஒருநாள் செம்பு தகட்டைத் தொடும்.

ஃபியூஸ்

அப்படித் தொடும் நாளுக்குத்தான் ஃபியூஸ். "கம்பெனியே செல்ஃப் கேபிளுக்கு ஃபியூஸ் போடுவதில்லையே" என்று கேட்பார்கள். கம்பெனி போட்டது அரை மீட்டர், பயணிகள் உட்காரும் இடத்துக்குள் அது வருவதே இல்லை. டிக்கியில் பேட்டரி வைத்து விற்கும் பி.எம்.டபிள்யூ கார்களில், மோதலின்போது பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் கேபிளைச் சிறு வெடிமருந்தால் துண்டிக்கும் ஏற்பாடு உண்டு. நம்மிடம் அது கிடையாது, ஃபியூஸ்தான் உண்டு.

35 ஸ்கொயர் கேபிளுக்கு 200 ஆம்பியர், மிஞ்சிப்போனால் 250. மெகா அல்லது ஏஎன்எல் வகை, மூடியுள்ள ஹோல்டரில். செல்ஃப் 300 இழுக்கிறதே, 200 போனால் எரியாதா? எரியாது. இந்த வகை ஃபியூஸ் தன் அளவைப் போல் இரண்டு மடங்கு மின்சாரத்தையும் ஒரு நொடிக்கு மேல் தாங்கும் தன்மையுடையது. முதல் கண இழுப்பு அதற்குள் முடிந்துவிடும். அதேசமயம் கேபிள் பாடியில் பட்டு 1,000 ஆம்பியர் அளவுக்குப் பாய்ந்தால் ஒரு நொடிக்குள் அறுந்துவிடும். ஃபியூஸ் காப்பது கேபிளை. மோட்டாரின் இழுப்பைப் பார்த்து 400, 500 என்று ஏற்றிக்கொண்டே போனால் ஃபியூஸுக்கு முன் கேபிள் எரியும். ஆடியோ கடைகளில் விற்கும், பட்டனை அமுக்கி ரீசெட் செய்கிற பிரேக்கரை இங்கே போடாதீர்கள். மலிவானவற்றின் கான்டாக்ட் செல்ஃப் இழுப்பில் சூடேறி உருகும்.

இடம் முக்கியம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பேட்டரியைப் பின்னால் மாற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸை மட்டும் பழையபடி பானெட்டிலேயே விட்டுவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. மின்சாரம் கிளம்பும் இடம் மாறிவிட்டதால், ஃபியூஸ் முன்னால் இருந்தால் ஒயர் முழுவதும் காவலில்லாமல் கிடக்கும். உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒயரை முழுதாகக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் பின் பேட்டரியிலிருந்தே, அதற்கென்று தனி ஃபியூஸோடு ஒரு மீட்டருக்குள் புது ஒயர் போதும்.

எர்த்

இந்த வேலையில் நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பின்னால், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு அதே 35 ஸ்கொயரில் 45 செ.மீ.க்குள் ஒரு கேபிள். இறங்கும் இடம் மெல்லிய தகடாக இருக்கக் கூடாது. சேசிஸ் ரயிலோ, இரண்டு தகடு சேரும் கெட்டி இடமோ பாருங்கள். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தவே கூடாது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்று அகலமாகப் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, வெள்ளைத் தகடு தெரிந்ததும் எம்8 போல்ட், பல் வாஷர், பின்பக்கம் நட். இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவி, சுற்றிலும் பெயின்ட் தொடுங்கள். வாசலினை முதலில் தடவிவிட்டு லக்கை வைப்பவர்கள் உண்டு, வரிசை அதுவல்ல.

இது பாதிதான். பழைய அமைப்பில் பேட்டரி நெகட்டிவிலிருந்து கனமான கேபிள் ஒன்று நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும். செல்ஃபின் மின்சாரம் அதன் வழியாகத்தான் திரும்பும். பாடிக்குப் போனது ஒரு மெல்லிய ஒயர், விளக்குக்கும் ஹாரனுக்கும் அது போதும். பேட்டரி பின்னால் போனதும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. செல்ஃபின் முழு மின்சாரமும் இப்போது கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு ஏறி, பாடி வழியாகப் பின்னால் வர வேண்டும். கியர்பாக்ஸ் ஒரு ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் போகாது. மெல்லிய ஒயரிலும் இவ்வளவு போக முடியாது. வேறு வழி தேடும்.

அந்த வேறு வழி ஆக்சிலரேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும். இந்த வயது கார்களில் இரண்டும் எஃகுக் கம்பிதான். ஒரு நுனி இன்ஜினில், மறுநுனி பாடியில். 150 ஆம்பியர் அதற்குள் போனால் கம்பி சிவந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகி, பெடல் இறுகும். ஆக்சிலரேட்டர் மிதித்த இடத்திலேயே நின்றுவிடலாம். அதைத் தொப்பூர் இறக்கத்தில் கற்பனை செய்து பாருங்கள். பேட்டரி மாற்றிய பிறகு ஆக்சிலரேட்டர் "டைட்டா இருக்கு" என்று யாராவது சொன்னால், கேபிளுக்கு ஆயில் விடாமல் எர்த்தைப் பாருங்கள்.

தீர்வு எளிது. கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்து பாடி ரயிலுக்கு இன்னொரு 35 ஸ்கொயர் ஸ்ட்ராப். 30, 40 செ.மீ. போதும், இன்ஜின் ஆடுவதற்குக் கொஞ்சம் தொய்வு விட்டு மாட்டுங்கள். பழைய பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையே இதற்கு வெட்டிப் பயன்படுத்தலாம், பூத்துப்போகாமல் இருந்தால்.

இடமும் பிடிப்பும்

டிக்கியில் ஸ்டெப்னி குழிக்குள் வைத்தால் அழகாக அடங்கும். ஆனால் பின்னாலிருந்து மோதினால் முதலில் மடிவது அந்தப் பகுதி. என்.எச்.44-இல் லாரிகளுக்கு நடுவே தினமும் ஓட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின் சீட்டின் முதுகை ஒட்டி, ஆக்ஸிலுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். பெட்ரோல் ஊற்றும் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அதற்கு மறுபக்கம். டிரில் எடுக்கும் முன் வண்டியை மேலே ஏற்றி அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்: டேங்க், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய். "இங்கே ஒன்றும் இருக்காது" என்று துளை போட்டு டேங்க்கில் இறங்கினால் அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை.

25×25×3 எல் ஆங்கிளில் பேட்டரி அளவுக்கு ஒரு சட்டம், நான்கு எம்8 போல்ட், 8.8 கிரேடு. அடியில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் 50×50×3 மி.மீ. தகட்டுத் துண்டு. வெறும் வாஷர் மட்டும் போட்டால் 0.8 மி.மீ. தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் வெளியே வரும். வேகமான மோதலில் 20 மடங்கு ஈர்ப்பு விசையைக் கணக்கில் எடுத்தால், 10 கிலோ பேட்டரி 200 கிலோவாக நடந்துகொள்ளும். நைலான் பெல்ட்டும் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவும் அதற்கு முன் நிற்காது. மேலே குறுக்காக ஒரு இரும்புப் பட்டை கிளாம்ப். பட்டைக்குக் கீழே ரப்பர், பாசிட்டிவ் முனைக்கு மூடி. டிக்கியில் போட்ட ஜாக்கி லிவர் உருண்டு இரண்டு முனையையும் தொட்டால் வெல்டிங் அடிக்கும்.

காற்று

"மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரிதான், சீல் பண்ணியது, கேஸ் வராது" என்பார்கள். வரும். நம் ஊரில் மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று விற்பதில் பெரும்பாலானவை உள்ளே ஆசிட் திரவம் நிரம்பிய சாதாரண ஈய பேட்டரிதான். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பதுதான் வித்தியாசம். மூடியின் ஓரத்தில் ஊசித்துளை போல் காற்றுவழி இருக்கும்.

ஒரு கணக்கு. முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரிக்குள் மேலும் 5 ஆம்பியர் போய்க்கொண்டே இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு 13 லிட்டர் அளவுக்கு ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். 400 லிட்டர் டிக்கிக்கு 4 சதவீதம் என்பது 16 லிட்டர். ஒன்றேகால் மணி நேரம், அவ்வளவுதான். டிக்கி முழுக்கக் காற்றுப் புகாத டப்பா இல்லை என்பது சரி. ஆனால் ஹைட்ரஜன் மேல் மூலையில்தான் போய்த் தேங்கும், சில வண்டிகளில் டிக்கி விளக்கின் சுவிட்சும் அங்கேதான். ரெகுலேட்டரை முதலில் பார்க்கச் சொன்னது இதனால்தான். ஓட்டும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள்.

டிக்கிக்கு நல்லது ஏஜிஎம் வகை பேட்டரி. ஆசிட்டைக் கண்ணாடி நார் மெத்தை உறிஞ்சிப் பிடித்திருப்பதால், கவிழ்ந்தாலும் சிந்தாது, கேஸும் மிகக் குறைவு. விலை கூடுதல். அதிலும் பாதுகாப்பு வால்வு உண்டு, அளவு மீறினால் திறக்கும். ஆகவே ஏஜிஎம் போட்டாலும் பெட்டியும் குழாயும் வேண்டும். சாதாரண பேட்டரிதான் என்றால், பக்கவாட்டில் காற்றுத்துளையும் அதில் குழாய் சொருகும் எல்போவும் உள்ள டின் (DIN என்ற ஜெர்மன் தர அளவு) வகை கிடைக்கிறதா, உங்கள் இடத்துக்கு அடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டி, மூடிக்கு ஒட்டிய உயரத்தில் 12 மி.மீ. குழாய், தரைத் துளை வழியாக கிராமெட் வைத்து வெளியே. பெட்டியின் அடிப்பகுதியில் எதிர்ப்பக்கம் இன்னொரு குழாய், காற்று உள்ளே வர. வெளிக்குழாயின் வாய் பின்னோக்கிச் சாய்த்து வெட்டியிருக்க வேண்டும், சைலன்சரிலிருந்து தள்ளி. ஃபியூஸும் கட்-ஆஃப் சுவிட்சும் பெட்டிக்கு வெளியே. அவை பொறி கிளப்பும் பொருட்கள்.

முன்பக்கம்

பழைய பேட்டரி இருந்த இடத்தில் ஒரு பித்தளை ஸ்டட், எம்8 அல்லது எம்10, பேக்லைட் கட்டையில், ரப்பர் மூடியோடு. பின்னாலிருந்து வரும் கேபிள், செல்ஃபுக்குப் போகும் கேபிள், ஆல்டர்னேட்டர் ஒயர், கம்பெனி மெயின் ஃபியூஸ் பெட்டிக்குப் போகும் ஒயர் நான்கும் அதில் சேரும். மெயின் ஃபியூஸைத் தவிர்த்துவிட்டு எதையும் நேராக மாட்டாதீர்கள். பேட்டரி இறங்கிவிட்டால் ஜம்ப்பர் போடவும் இந்த ஸ்டட்தான்.

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் போட்டால் நல்லது. ஃபியூஸுக்கு அடுத்து, பாசிட்டிவில். ஆனால் இன்ஜின் ஓடும்போது அதைத் திருப்பாதீர்கள். பேட்டரி பிரிந்த அந்தக் கணத்தில் ஆல்டர்னேட்டரின் வோல்ட் 40-ஐயும் தாண்டித் தாவும், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விடும். ரேஸ் வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் சேர்த்து நிறுத்தும் ஆறு முனை சுவிட்ச் வருகிறது, அது வேறு.

இணைப்பதற்கு முன் சோதனை

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். எல்லா வேலையும் முடிந்த பிறகு, பேட்டரியை இணைக்காமல், மெயின் ஃபியூஸ் பெட்டியின் ஒயரையும் ஆல்டர்னேட்டர், செல்ஃப் ஒயர்களையும் ஸ்டட்டிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, கேபிளுக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். முடிவிலி காட்ட வேண்டும். சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லிக்கொண்டே பாருங்கள். நசுங்கியிருந்தால் அப்போதுதான் காட்டும்.

பிறகு எல்லா ஒயரையும் மாட்டி, 200 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதில் அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு 21 வாட் பிரேக் விளக்கு பல்பை இணைத்துவிட்டுப் பேட்டரியைக் கொடுங்கள். சாவி ஆஃப், கதவுகள் மூடியிருக்க, பல்பு எரியக் கூடாது. வண்டியின் எலக்ட்ரானிக்ஸில் உள்ள கெபாசிட்டர்களுக்காக ஒரு நொடி மினுக்கி அணைந்தால் பரவாயில்லை. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். 2 ஆம்பியருக்குக் கீழேயே பல்பு அதைப் பிடித்து நிறுத்திவிட்டது, ஃபியூஸும் மிச்சம்.

கடைசியாக, பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, செல்ஃப் ஐந்து நொடி அடிக்கச் சொல்லி வோல்ட் அளவிடுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே 0.5-க்குள் இருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே 0.3-க்குள். இரண்டாவது கூடினால் முதலில் பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும், பிறகு பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். எந்த போல்ட்டில் பெயின்ட் மிச்சமிருக்கிறது என்று மீட்டரே சொல்லிவிடும். அரைமணி ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு லக்கையும் கையால் தொடுங்கள். சூடாக இருக்கிற லக்கில் பஞ்ச் சரியில்லை. 500 கி.மீ. கழித்து எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள்.

ஆர்.சி.யில் பேட்டரி இருக்கும் இடம் என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் வண்டி தீப்பிடித்து இன்ஷூரன்ஸ் கேட்கப் போனால், சர்வேயர் முதலில் பார்ப்பது வெளியில் செய்த ஒயரிங்கைத்தான். வேலை முடிந்ததும் படம் எடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டின் உட்பக்கம் "பேட்டரி டிக்கியில்" என்று பெயின்ட்டில் எழுதிவிடுங்கள்; விபத்து நடந்த இடத்தில் பானெட்டைத் திறந்து பேட்டரியைத் தேடுகிறவருக்கு நேரம் மிச்சமாகும். டிக்கிச் சாவியின் டூப்ளிகேட் ஒன்றை வண்டிக்குள் முன்பக்கமே வைத்திருங்கள்.